திலகராஜ் நினைவுக் குழு

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியபோது மழை விட்ட மாதிரி இருக்கவே பூங்காவனம் குடையை மடக்கினாள், மடக்கிய கையோடு திரும்ப விரித்தாள். விடவில்லை. மூட்டம் இறங்கி மழையை மறைத்திருந்தது, அவ்வளவுதான், தலையில் விழுந்த பிறகுதான் தெரிகிறது. மைதானத்தின் அந்தக் கோடியில் கோல் கம்பம் இருந்த இடம் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. அந்த வெள்ளைக்குள்தான் வாசு நிற்கிறான், கோல் காக்கிற வாசு, ஜீப் ஓட்டுகிறவன். முதல் பாதியில் இந்தப் பக்கம் நின்றபோது கையுறையைக் கழற்றிப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொண்டிருந்தான், தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் கொட்டியது. இப்போது அங்கே என்ன செய்கிறானோ. ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் போதும் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள், ஒரு டிரா போதும், ஒரு பாயிண்ட் வந்துவிடும், ஏ டிவிஷனில் நின்றுகொள்ளலாம், தோற்றால் பி. பி-க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன. டவுனில் பேக்கரி வைத்திருக்கிற தவமணி குழுவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், ஜெர்சி, ஷூ, போக வர வேன், எல்லாம். ஏ டிவிஷனில் இருக்கிறவரைக்கும் இருக்கிற பேர் இருந்துட்டுப் போகட்டும், இறங்கிட்டா புதுசா ஆரம்பிக்கணும், அப்ப நம்ம கடை பேர்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. மனுஷன் கெட்டவரும் இல்லை, கருமாதிக்கு ஒரு கூடை பன் அனுப்பியவர். போன புதன்கிழமை குழுவின் கேப்டன் எட்வின் அவள் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, கூரையில் ஒழுகுகிற இடத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு தகரம் போடணும்மா என்று சொல்லிவிட்டுப் போனான். தகரத்தைப் பற்றிப் பேசவா மூங்கில்மட்டத்திலிருந்து மேட்டு லயன் வீடுகளுக்கு ஏறி வருவான் ஒருத்தன், முட்டிவலியோடு.

மைக்கில் ஞானமுத்து, டெய்லர் ஞானமுத்து, தொண்டையைச் செருமினார். திலகராஜ் நினைவுக் குழுவுக்குப் பந்து, இவர்களுடைய ஏழாம் எண் ஆட்டக்காரர் எறிகிறார். அந்தப் பேர் காற்றில் போனது. போய் மேலே சாரைமரக் காட்டில் முட்டித் திரும்பும், திரும்பும்போது கடைசி எழுத்து மட்டும் வரும், இன்றைக்கு மூட்டத்தில் அதுகூட வரவில்லை. முதல் தடவை கேட்டபோது, செத்த பிள்ளையின் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுகிறார்களே, இது நல்லதா கெட்டதா, கூப்பிட்டால் வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நடுவில் நின்றுகொண்டிருப்பானோ என்று ராத்திரி தூக்கமில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, ஞாயிற்றுக்கிழமை வராதா என்றாகிவிட்டது. அந்தப் பேரை வேறு யார் சொல்கிறார்கள். அவன் அப்பா ராமையா சொல்வதில்லை, பதினாலு வருஷமாக ஒரு தடவை சொல்லவில்லை, சின்னவன் என்பார், இருந்ததே ஒரு பிள்ளை, அவனைப் போய்ச் சின்னவன் என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார், கீழே இருந்து மைக் சத்தம் ஏறி வருமே என்று. நீ போறியா என்பார். பசங்க ஆசப்படுதுங்க, போகலைன்னா முகம் வாடிப் போயிருதுங்க என்பாள். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு இருக்காது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா, ஊருக்கு முழுப்பேர் சொல்லப் பொறுமை ஏது. திலகராஜ் நேத்து மூணு வாங்கிட்டான். திலகராஜ் இந்த வருஷம் தேறமாட்டான். திலகராஜ் கடைசி எடத்துல கெடக்கறான். தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது காதில் விழும், சொன்னவன் அவளைப் பார்த்ததும் வாயை மூடுவான், மூடுகிறதுதான் கஷ்டமாக இருக்கும். உசிரோடு இருக்கிற பிள்ளை தோற்றால் அம்மாவிடம் சொல்லமாட்டார்களா. சொல்லட்டுமே.

டேய், பந்து மிதக்குதுடா, பரிசல் கொண்டு வாங்கடா என்று பின்னால் ஒருத்தன் சிரித்தான். தார்ப்பாயைக் கம்பில் கட்டி அதற்குக் கீழே நாலைந்து பேர் குத்தவைத்திருந்தார்கள், வேர்க்கடலை வாசனையும் பீடி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து வந்தது. பந்து நிஜமாகவே நடுக்குட்டையில் நின்றுவிட்டது, எட்வின் ஓடி வந்து உதைத்தான், தண்ணீர்தான் எழும்பியது, பந்து இருந்த இடத்திலேயே சுற்றியது. எட்வினண்ணே, பென்ஷன் வாங்குற வயசுல எதுக்குண்ணே இது, வந்து உக்காருங்க, கடலை தர்றேன். எட்வின் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருத்தன் சொன்னான், அண்ணனுக்கு முட்டியில சைக்கிள் செயின் மாட்டியிருக்குதுடா, எண்ணெய் விட்டாத்தான் ஓடும். அவர்கள் சிரித்தார்கள், அவளுக்கும் ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எட்வினுக்கு முன்மண்டையில் முடி போய்விட்டது. போன வருஷம் இவ்வளவு இல்லை. நனைந்தால் தெரிந்துவிடுகிறது. அவனும் திலகராஜும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ரெண்டு பேருக்கும் ஒரே மாசம் அம்மை போட்டது. எட்வினுக்கு மீசை அடர்ந்தபோது அவள் மனசுக்குள் திலகராஜுக்கும் மீசையை அடர்த்தியாக்கினாள். எட்வினுக்குக் கல்யாணம் ஆனபோது இவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்தாள், முகம் மட்டும் சரியாக வரவில்லை, முதுகுதான் வந்தது, ஜடை போட்ட முதுகு. எட்வினுக்குத் தொப்பை விழுந்தபோது இவனுக்கும் விழுந்தது, தின்னிப் பண்டாரம், இவனுக்குக் கூடவே விழுந்திருக்கும். இப்போது முடி. சரி, அவன் அப்பாவுக்கு இல்லையா, வழுக்கை அந்த வழியில் உண்டு. வாரத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும், அவன் எவ்வளவு ஆகியிருக்கிறான் என்று கணக்குத் தெரிந்துவிடும். இதை யாரிடம் சொல்ல முடியும், பைத்தியம் என்பார்கள். குழு கலைந்தால், இல்லை கலையாது, பேர்தான் மாறும், பேக்கரி பேரில் புதுப் பையன்கள் வருவார்கள், இருபது வயசு, பதினெட்டு வயசு, இவர்களையெல்லாம் உட்கார்த்திவிடுவார்கள், இவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவார்கள், கறி எடுப்பார்கள். அப்புறம் அவள் எங்கே போய்ப் பார்ப்பது. அவன் பத்தொன்பதிலேயே நின்றுவிடுவான். திரும்பவும் அந்தச் சிவப்புப் பனியனோடு, அந்தச் சின்ன மீசையோடு, தார்ப்பாய் போட்ட பிக்கப்பின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

காலைத் தொங்கப்போட்டானா, மடக்கி உட்கார்ந்திருந்தானா. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி சொன்னான். மேட்சுக்குப் போகிற வழி, இதே மாதிரி மழை, ரோட்டோரம் மண் இளகிப் பிக்கப் ஒருக்களித்து டீச்செடிக்குள் இறங்கியது, உருளக்கூட இல்லையாம், சும்மா சாய்ந்ததாம், எல்லாரும் செடிமேல் விழுந்து கீறலோடு எழுந்தார்கள், இவன் விழுந்த இடத்தில் கல் இருந்தது. இதில் யாரை என்ன சொல்ல. அந்தப் பிக்கப்பில் இருந்தவர்களில் எட்வினும் வாசுவும் இன்னும் ரெண்டு பேரும் இன்னும் ஆடுகிறார்கள். முப்பதாம் நாள் நாலு பேரும் வந்து நின்றார்கள், பேனர் அடித்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்கள், விரித்துக் காட்டக் கூச்சப்பட்டார்கள், எட்வின்தான் சொன்னான், அம்மா, குழுவுக்குத் திலக் பேரை வக்கிறோம், நாங்க இருக்கறவரைக்கும் இருக்கும். பேனரில் அவன் படம் கழுத்து வரைக்கும்தான் இருந்தது, ஓட்டர் கார்டுக்கு எடுத்த படம், பயந்து முழிப்பான். அதற்குக் கீழே மறைந்த நட்சத்திர ஆட்டக்காரர் என்று போட்டிருந்தது. அவளுக்குத் தெரியும் அவன் நட்சத்திரம் இல்லை என்று. கடைசிப் பத்து நிமிஷம் இறக்குவார்கள், அதுவும் எவனுக்காவது கால் பிசகினால். இறக்கின அன்றைக்கு வந்து சொல்லுவான், இறக்காத அன்றைக்கு சாக்ஸை விறகுக்கு நடுவில் சொருகிவிட்டுப் படுத்துக்கொள்வான், சாக்ஸில் சேறு இருக்காது. அவள் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. லயன் பொம்பளைகள் அப்போது மைதானத்துக்கு வந்தது கிடையாது, கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாளா, வந்திருக்கமாட்டாள், தேயிலைக் கொழுந்து எடுத்த கால் வலியில் ஞாயிற்றுக்கிழமை படுத்தால் போதும் என்றிருக்கும். ஆக அவன் பந்தை உதைத்து அவள் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் இவர்கள் சொன்ன கதை. முதல் வருஷம் எட்வின் சொன்னான், ஒரு தடவ கார்னர்ல வந்த பந்தைத் தலையால முட்டுனாம்மா, கொஞ்சத்துல வெளிய போயிருச்சு. மூன்றாம் வருஷம் அது கம்பத்தில் பட்டது. போன வருஷம் ஞானமுத்து மைக்கில் சொல்லும்போது அது கோலாகிவிட்டது. அவள் திருத்தவில்லை. திருத்த அவள் யார், அவளா பார்த்தாள். ராத்திரி அந்தக் கோலை ஒரு தடவை தனக்குள் போட்டுப் பார்த்தாள், தலையைச் சாய்க்கிறான், பந்து வலையில் விழுகிறது, அவன் திரும்பி அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்க்கிறான். அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் வந்து எப்போதும் அறுந்து போகும்.

விசில். நிறுத்திவிட்டாரோ. நிறுத்தவில்லை, ஃபவுல். ரெஃப்ரி நடுவில் நின்று அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டு கோலும் கண்ணுக்குத் தெரியலைன்னா ஆட்டத்தை நிறுத்தணும்டா, அது ரூல் என்று கடலைக்காரன் சொன்னான். நிறுத்துனா? நிறுத்துனா அடுத்த ஞாயித்துக்கெழம முதல்ல இருந்து ஆடணும். அடுத்த ஞாயிறு. இன்னும் ஒரு வாரம். பூங்காவனம் குடைக் காம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் கனமாக இறங்கட்டும் என்று மூட்டத்தைப் பார்த்து வேண்டினாள், இந்த வருஷம் முழுக்கத் திட்டின மூட்டத்தை. என்ன வருஷம் இது. ஆகஸ்டில் ஆரம்பித்த மழை, ஒரு ஞாயிறாவது ஒழுங்காகக் காய்ந்ததா. முதல் ரெண்டு ஆட்டம் தள்ளிப் போனது. மூன்றாவது ஆட்டத்தன்று மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, திருப்பூரில் வேலைக்கு இருக்கிற நாலு பையன்கள் அடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டார்கள், இங்கே ஏழு பேரை வைத்து ஆடினார்கள், ஏழு இருந்தால் ஆடலாமாம், ஆறு என்றால் ஆடாமலே தோல்வியாம். ஏழு பேர் பதினோரு பேருக்கு நடுவில் ஓடினதைப் பார்க்க முடியவில்லை, கோழிக்கூட்டில் நாய் புகுந்த மாதிரி. அப்புறம் ஒரு ஞாயிறு ஜெனரேட்டர் நனைந்து மைக் இல்லை, பேரே கேட்கவில்லை, அன்றைக்குப் பார்த்து ஜெயித்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். செத்தவன் பேரை வச்சா எங்கடா ஏறும் என்று யாரோ சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். பேர் சொல்லாத அன்றைக்கு ஜெயித்தார்கள். ஒரு நாள்தானே, அதை வைத்து என்ன சொல்ல முடியும். ஆனாலும் சொல்லாத அன்றைக்கு.

மூட்டம் இறங்கவில்லை. காற்று ஒன்று அடித்து அதைக் கிழித்தது, அந்தக் கோடிக் கம்பம் வெளுப்பாகத் தெரிந்தது, அதன் நடுவில் வாசு கையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் நடக்கட்டும் என்று ரெஃப்ரி கையை வீசினார். எதிர்க் குழு டவுன் பையன்கள், நனைந்த குதிரைக்குட்டி மாதிரி மினுமினுவென்று இருந்தார்கள், அவர்களுக்குச் சேறு ஒட்டவே இல்லை. இவர்கள் எல்லாரும் ஒரே நிறம், யார் எவர் என்று முதுகில் எண் தெரியவில்லை. எட்வின் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றான், வாயைத் திறந்து மூச்சு விட்டான், அந்த மூச்சு புகையாகப் போனது. பாவம்டா, இவனுங்களுக்கு எதுக்குடா இந்தப் பொழப்பு என்று ஒருத்தன் கேட்டான், கிண்டல் இல்லை, நிஜமாகக் கேட்டான். கடலைக்காரன் குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தினதால்தான் அவளுக்குக் காது கூர்மையானது. மெதுவா பேசு, முன்னாடி அந்தம்மா இருக்குது. அந்தம்மாவுக்காகத்தாண்டா ஆடறானுங்க. எட்வினு சம்சாரம் எங்க அக்காகிட்ட அழுதுச்சாம், முட்டிய ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாகுது, அந்தம்மா வந்து உக்காந்திருக்கும், நான் எப்படி ஆடாம இருக்கறதுங்கறாராம். அது வர்றத நிறுத்துனா இவனுங்களும் நிறுத்திருவானுங்க. பாவம், அதுக்குத் தெரியுமா.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டது என்று ஆகிவிடும். குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் முழங்கால்மேல் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது, நகர்ந்து உட்காரலாம், நகரவில்லை. அதுக்குத் தெரியுமா. பசங்க ஆசப்படுதுங்க, போகலைன்னா முகம் வாடிப் போயிருதுங்க. இதைத்தானே அவள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள் ஒரு தரம், பசங்க தேடுமே என்று. அவர்கள் அவளுக்காக, அவள் அவர்களுக்காக, இப்படி எத்தனை வருஷம். அப்படியென்றால் இங்கே வர ஆசைப்பட்டது யார். ஆசைப்பட்டாளே, அவள் ஆசைப்பட்டாள்தானே, அதுவும் பொய்யில்லை. எட்வினின் மனைவி பேர் என்ன, ஷீபா, கல்யாணத்தன்று காலில் விழுந்தது, ஒல்லியாக, அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் சிரித்துவிட்டு வேகமாகப் போய்விடும். வேகமாகப் போய்விடும், அதை ஏன் அவள் கவனிக்கவே இல்லை. ரெண்டு வருஷமாக. முட்டி ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் படுக்க வேண்டும். இப்போது எழுந்து போய்விட்டால் என்ன, பாதி ஆட்டத்தில் எழுந்து போனால் அவர்கள் பார்ப்பார்கள், பார்த்து என்னமோ ஏதோ என்று நினைத்து ஆட்டத்தைக் கோட்டை விடுவார்கள். உட்கார்ந்திருந்தாலும் தப்பு, எழுந்தாலும் தப்பு. திலகு, நீயே சொல்லு என்று நினைத்தாள். அவன் என்ன சொல்வான், அவனுக்குப் பத்தொன்பது வயசு, பசிக்குதும்மா என்பான்.

பந்து உயரமாகப் போனது. எட்வின் அதன் பின்னால் ஓடினான், டவுன் பையன் ஒருத்தன் அவனைத் தாண்டினான், எட்வின் கையை நீட்டினான், பனியனைப் பிடிக்கவா, விழாமல் இருக்கவா, விழுந்தான். மூட்டம் திரும்ப மூடிக்கொண்டது. எல்லாரும் அந்த வெள்ளைக்குள் போய்விட்டார்கள், ஆட்டம், ஆட்கள், பந்து எல்லாம், மைதானத்தில் எட்வின் மட்டும் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். சத்தம் இல்லை. பிறகு உள்ளேயிருந்து கத்தல் வந்தது, யாருடைய கத்தல் என்று தெரியவில்லை, வாசு பிடித்துவிட்டானா, பிடித்தால் இவர்கள் இப்படிக் கத்துவார்களா. தார்ப்பாய்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். என்னடா ஆச்சு, என்னடா. எட்வினும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு டவுன் பையன் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான், அவன் பின்னால் இன்னும் ரெண்டு பேர். அவ்வளவுதான். எட்வின் கையிலிருந்த சேற்றைத் தொடையில் துடைத்தான், துடைத்த கை தொடையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆடினார்கள். ஆடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி விசில் அடித்ததும் ஞானமுத்து மைக்கைத் தட்டினார், இரண்டுக்கு ஒன்று, இத்துடன் திலகராஜ் நினைவுக் குழு என்று தொடங்கினார், இறங்குகிறது என்று சொல்லாமல் மைக்கை அணைத்துவிட்டார். நல்ல மனுஷன். தார்ப்பாயைச் சுருட்டினார்கள், கடலைக்காரன் அவளைத் தாண்டும்போது, வர்றேங்கம்மா, வழி வழுக்கும், பாத்துப் போங்க என்றான். பையன்கள் சேற்றில் நின்றபடி ஷூ கழற்றினார்கள், ஒருத்தனும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர்களுக்குள் என்னவோ பேசி எட்வினை அனுப்பினார்கள். அவன் நொண்டிக்கொண்டு வந்து குடைக்கு வெளியே மழையில் நின்றான்.

"நனஞ்சிட்டீங்கம்மா" என்றான்.

"நீ நனயலயா."

"கடைசி வரைக்கும் வந்துட்டோம்மா. வாசு மேல தப்பில்ல. அவனுக்குப் பந்தே தெரியல."

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

"இல்லம்மா."

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு வாய்க்குள் அந்த வார்த்தை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, எப்போது வந்தது என்று தெரியவில்லை. சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. சொன்னால் இவன் விடமாட்டான். என்னம்மா பேசறீங்க, பி என்ன, சி-க்குப் போனாலும் திலக் பேர்தாம்மா என்பான், சண்டைக்கு வருவான், அந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அது ஒரு வருஷத்துக்குப் போதும். முட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதைப் பிறகு சொல்லலாம், முதலில் இது.

"பேர மாத்திக்கங்க எட்வினு" என்றாள். "தவமணி சொன்னாப்புல செய்ங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல கண்ணு."

எட்வின் நிமிர்ந்தான். கொழுந்து மூட்டையைத் தராசில் இறக்கிய ஆளுக்கு முதலில் முதுகு தானாக நிமிருமே, முகம் அப்புறம்தான் மாறும், அந்த மாதிரி அவன் தோள் ரெண்டும் இறங்கின, கண் ஒரு தரம் மூடித் திறந்தது. நெற்றிச் சுருக்கம் போய் அவன் முகம் எத்தனையோ வருஷத்துக்கு முந்தின முகமாக இருந்தது. ஒரு நொடிதான். அவனுக்கே தெரிந்திருக்காது. உடனே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "என்னம்மா இப்படிச் சொல்றீங்க, அதெல்லாம் பாத்துக்கலாம்மா, இப்பவே எதுக்கு" என்றான், குரல் சரியாகத்தான் இருந்தது, வருத்தமும் நிஜம்தான், அவன் நடிக்கிற பையன் இல்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"பாத்துக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "ஷீபாவ நான் கேட்டேன்னு சொல்லு. டாக்டர்கிட்டப் போயி எப்ப வரச் சொல்றாரோ அப்பப் போயிருங்க."

அவன் குடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான், மேட்டு வழி வரைக்கும் அவன்தான் எப்போதும் குடை பிடித்து வருவான். அவள் கொடுக்கவில்லை. மேட்டு வழி குறுகலாக இருந்தது, ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் போக முடியும். எப்போதும் அவனை முன்னால் விட்டு அவன் தலையைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவள், இன்றைக்கு முந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தால் முகத்தை அவளுக்காக வருத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.